நடுவாசலுக்கு நெய்த இரட்டைத் துணி

நம் வயதுக்காரிகள் எல்லாருக்கும் அந்தத் திரை தெரியும். விறாந்தையில் ஆண்கள், உள்ளறையில் நாம், நடுவாசலில் ஒரு துணி. இப்போது கல்யாண வீடுகளில் ஒன்றுகூடினால் அதைப் பற்றிச் சிரித்துச் சிரித்துக் கதைக்கிறீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இன்றைக்குச் சிரிக்காமல் ஒருதரம் சொல்லிவிடுகிறேன். முழங்கால் இரண்டும் போய்விட்டன, ஒரு கண் மங்கிவிட்டது, இனி யாருக்குப் பயப்பட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் தொடங்குகிறேன். முடிக்கும்போது என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று தெரியாது.

எங்கள் ஊர் கல்முனைக்கு வடக்கே, கடலுக்கும் பெருந்தெருவுக்கும் நடுவில். காலையில் கண் விழித்தால் ஒரு காதில் கடல், மறு காதில் தறி. வாப்பா சம்மாந்துறைப் பக்கம் நெல் வாங்கி ஆலைகளுக்குக் கொடுப்பவர். நான் சொல்லவரும் மாரிகாலத்தில் என் மூத்தவள் ராத்தாவுக்குப் பதினெட்டு வயது, எனக்கு ஒன்பது. எங்களுக்கு நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் ராத்தாதான் என்னைக் குளிப்பாட்டுவாள், பேன் பார்ப்பாள், அடிப்பாள், அடித்துவிட்டுக் கோப்பி ஊற்றித் தருவாள்.

எங்கள் பழைய திரை ஒற்றைத் துணி. வெளுத்து வெளுத்து வலைபோல ஆகிவிட்டது. உள்ளே விளக்கு எரிந்தால் எங்கள் நிழல் அதில் விழும். வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கும்போது பெண்ணின் குரல் வெளியே கேட்கக் கூடாது என்பதில் வாப்பா கண்டிப்பு. ஆகவே உம்மா நிழலால் பதில் சொல்லப் பழகியிருந்தாள். வாப்பா விறாந்தையிலிருந்து "தேத்தண்ணி ஆயிட்டா?" என்று கேட்பார். உம்மா திரைக்கு முன்னால் வந்து தலையை மேலும் கீழும் ஆட்டுவாள். சீனி இல்லையென்றால் கையை விரிப்பாள். யாராவது அதிக நேரம் இருந்து கதைத்தால் இடுப்பில் கை வைத்து நிற்பாள். வாப்பா அதைப் பார்த்துவிட்டு மெல்ல எழும்பி மழை வரப்போவதாகச் சொல்வார். நானும் ராத்தாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். எங்கள் வீட்டில் பாதிக் கதை அப்படித்தான் நடந்தது.

அதைக் கெடுத்தவர் ஒரு நெல் ஆலை முதலாளி. ஒரு மாலை வாப்பாவுடன் கதைத்துக்கொண்டிருந்தவர், திரையில் ராத்தா தலைமுடியை அள்ளி முடிவதைப் பார்த்துவிட்டு, "மூத்த புள்ள நல்லா வளந்திட்டா போல" என்றார். அவ்வளவுதான். வாப்பாவின் முகம் செத்துப்போயிற்று. அவர் போன பிறகு வாப்பா திரையைக் கையால் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பார்த்தார்.

"இது திரையா? மானத்த வித்துப்போட்டு இரிக்கம். புள்ள, நீ நெசவு படிக்கத்தானே போறா. வெளிச்சம் ஒரு பொட்டும் போகாத துணி ஒண்டு நெய்யேலுமா?"

ராத்தா உள்ளிருந்து ஓம் என்று தலையாட்டினாள். வாப்பா அந்த நிழலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராத்தா நெசவு நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அங்கே படிப்பித்தவர் கல்முனையிலிருந்து பஸ்ஸில் வரும் டீச்சர், தமிழ்ப் பெண். நெற்றியில் சின்னப் பொட்டும் புடவைத் தலைப்பில் செருகிய கத்தரிக்கோலுமாய் இருப்பார். ஒரே தறியில் ஒரே நேரத்தில் இரண்டு துணியை, ஒன்றன் மேல் ஒன்றாக நெய்யலாம் என்று அவர்தான் ராத்தாவுக்குக் காட்டினார். வீட்டுக்கு வந்து ராத்தா அதை எனக்குச் சொல்லித் தந்த விதம் இன்னும் நினைவில் இருக்கிறது. தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்தாள்.

"இது மேல் துணி. இது கீழ்த் துணி. நெடுக்கப் போற பாவு நூல்ல ஒண்டு விட்டு ஒண்டு மேலுக்கு, மத்தது கீழுக்கு. மேல நெய்யக்குள்ள கீழ் நூல் சும்மா கிடக்கும். கீழ நெய்யக்குள்ள மேல் துணி முழுக்க எழும்பி வழி விடணும். விளங்கிச்சா?"

"இல்ல."

"உனக்கு எப்ப விளங்கினது? சும்மா பாரு."

முதலில் அவள் எங்கள் வீட்டுத் தறியில் சின்னத் துண்டுகள் நெய்து பழகினாள். குறுக்கு நூலை இழுத்து ஓடும் கட்டைதான் நாடா. மேலுக்கு ஒரு நாடா, கீழுக்கு ஒரு நாடா என்று இரண்டு நாடா ஓட்டினால், தறியிலிருந்து அறுத்ததும் இரண்டும் தனித்தனியாகக் கழன்று விழும். ஒரே நாடாவை மேலே ஒரு போக்கு, கீழே இரண்டு போக்கு, மறுகா மேலே ஒரு போக்கு என்று ஓட்டினால் ஒரு கரை மட்டும் மூடிக்கொள்ளும். விரித்தால் தறியைவிட இரண்டு மடங்கு அகலமான துணி. மேலே ஒன்று கீழே ஒன்று என்று மாறி மாறிச் சுற்ற விட்டால் இரண்டு கரையும் மூடி, தையலே இல்லாத குழாய். அப்படி ஒரு குழாயை நெய்து உம்மாவுக்குத் தலையணை உறை என்று கொடுத்தாள். உம்மா தையலைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, இது ஜின் தைத்ததா என்று கேட்டாள். மூன்று நாள் அந்தத் தலையணையை அயல்வீடுகளுக்கெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

திரைக்கு இவை எதுவும் சரிவராது. இரண்டு துணியும் பிரிந்து தொங்கினால் காற்றுக்கு ஊதும். ஆகவே இடைக்கிடை கீழ் நூல் ஒன்று மேலே எழும்பி மேல் துணியைப் பிடித்துவிட்டு இறங்க வேண்டும். அந்தப் பிடி எந்தப் பக்கமும் தெரியக் கூடாது. வெளிப்பக்கம் கடும் சிவப்பு, எங்கள் பக்கம் மஞ்சள் என்று ராத்தா தீர்மானித்தாள். நூலுக்குக் கஞ்சி போட்ட நாட்களில் வீடு முழுவதும் புளித்த சோற்று மணம். பாவு நெருக்கமாக இருந்ததால் தறி முரடு பிடித்தது. ராத்தாவின் கணுக்கால் இரண்டும் மிதித்து மிதித்து வீங்கின.

இரட்டைத் துணியில் ஒரு சனியன் உண்டு. நெய்கிறவளுக்குக் கீழ்த் துணி தெரியாது. மேலே சிவப்பு அழகாகப் போய்க்கொண்டிருக்கும். கீழே மஞ்சளில் ஒரு நூல் அறுந்து ஒரு முழம் நாசமாகியிருக்கும். அறுத்து எடுத்த பிறகுதான் விளங்கும். டீச்சர் தறிக்குக் கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைக்கச் சொன்னாராம். எங்களிடம் இருந்தது உடைந்த துண்டு ஒன்று. அதில் உள்ளங்கை அளவுதான் தெரிந்தது. ஆகவே ராத்தா என்னைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துத் தறிக்குக் கீழே தள்ளினாள்.

அந்த மாரி முழுவதும் நான் அந்த மஞ்சளுக்குக் கீழேதான் கிடந்தேன். பஞ்சு கண்ணில் விழும். கூரையில் மழை இரையும். மேலிருந்து ராத்தாவின் குரல் வரும்.

"என்னகா, தூங்கிட்டியா? என்ன தெரியிது?"

"வலப்பக்கம் ஒரு நூல் தொங்கிது ராத்தா."

"எத்தின விரல் உள்ளுக்கு?"

"நாலு."

அவள் நிறுத்தி, குனிந்து, முடிச்சுப் போடுவாள். ஒருதரம் பிழையைக் கண்டும் சோம்பலில் சொல்லாமல் விட்டேன். அடுத்த நாள் அவள் அதைத் தடவிக் கண்டுபிடித்து, ஒரு சாண் நெய்ததை அவிழ்த்தாள். அடிக்கவில்லை. "கண்டத்த சொல்லத்தானே உன்ன வெச்சிரிக்கன்" என்று மட்டும் சொன்னாள்.

துணி முடிந்த அன்று வாப்பா பெற்றோல்மக்ஸ் விளக்கை ஏற்றி அதன் பின்னால் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "சுவர் மாதிரி இரிக்கி" என்று வாய் நிறையச் சிரித்தார். திரையைப் பெட்டியில் வைக்கச் சொன்னார். ராத்தாவின் கல்யாணம் முடிந்து வீடு அவள் பேருக்கு வரும்போது போடலாம் என்பது அவர் எண்ணம். நம் பக்கத்து வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார்.

சம்பந்தம் அதற்குள் பேசி முடிந்திருந்தது. அந்த ஆலை முதலாளியின் தம்பிதான் மாப்பிள்ளை. நாவிதன்வெளிப் பக்கம் வயலும், வயலுக்குள் காவலுக்குத் தங்கும் வாடியும் இருந்தன. ஏற்கெனவே ஒருத்தியைக் கட்டி விலக்கி விட்டவன். வாப்பா நன்றாக விசாரித்தார். பள்ளிவாசலில் விசாரித்தார், ஆலையில் விசாரித்தார், சந்தையில் விசாரித்தார். ஐந்து நேரமும் தொழுகிறவன், வாக்குத் தவறாதவன் என்று எல்லாரும் சொன்னார்கள். வாப்பா ஆண்களிடம் மட்டுமே விசாரித்தார்.

உம்மா விசாரிக்காமலே அறிந்தாள். நிந்தவூரிலிருந்து பாய் விற்க வரும் ஒரு பெண், முதல் மனைவியின் அயல்வீட்டுக்காரி, வந்து சொன்னாள். அவன் அந்த முதல் மனைவியை வேளாண்மைக் காலத்தில் வாடிக்குக் கூட்டிக்கொண்டு போவானாம். சுற்றவரக் கூப்பிட ஆள் இல்லாத இடம். அங்கே அடித்த அடியில் அவளுக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டதாம். உம்மா வாப்பாவிடம் சொன்னாள்.

"பொம்புளட கதையக் கேட்டு நான் குடுத்த வாக்க மாத்தவா?" என்றார் வாப்பா. மூன்று தரம் சொன்னாள். மூன்றாம் தரம் அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார்.

அதற்குப் பிறகு உம்மா ராத்தாவை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். என்னை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

"நிக்காஹ்வுக்கு முந்தி வாப்பா வந்து பொருத்தமா எண்டு கேப்பார் மகள். சாட்சிக்காரரும் கூட நிப்பாங்க. அப்ப வேணாண்டு சொல்லு. ஆக்களுக்கு முன்னால நீ வேணாண்டா வாப்பாவால ஒண்டும் செய்யேலா. அல்லாஹ் தந்த உரிம அது."

"எனக்கு வாய் வராது உம்மா. அவ்வளவு ஆம்பிளைகளுக்கு முன்னால..."

"வாய் வராட்டி தலய ஆட்டு. நல்லா ஆட்டு. வாப்பா பாப்பார்தானே."

எங்கள் வீட்டு வழக்கத்தில் அது சரியான யோசனை. அன்றிரவு ராத்தா நன்றாகச் சோறு தின்றாள். அவளுக்கு ஒரு வழி இருந்தது.

நிக்காஹ் அன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மாமி, வாப்பாவின் மூத்த சகோதரி, வந்தாள். வந்ததும் பழைய திரையைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "நாலு ஊராக்கள் வாற வீட்டுல இந்தக் கந்தலயா போட்டிரிக்கீங்க? புதுசு எங்க?" என்றாள். உம்மா பின்வளவில் பிரியாணிச் சட்டிகளோடு நின்றாள். ராத்தா அறைக்குள் உடுத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து கொடுத்தவள் நான். கதிரையைப் பிடித்துக்கொண்டவளும் நான். மாமி ஏறி நின்று பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினாள்.

இருட்டி, மஃரிப் தொழுகைக்குப் பிறகு ராத்தாவைக் கூட்டி வந்து திரைக்கு முன்னால் பாயில் இருத்தினார்கள். முக்காடு நாடி வரை இழுத்து விட்டிருந்தது. தன் மடியைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் விளக்கு இரைந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் மாமி, மறுபக்கம் நான். சந்தனமும் மண்ணெண்ணெயும் கலந்த மணம். வாப்பா திரைக்கு அங்கால் வந்து நின்று தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளையின் பெயரையும் அவர் தரும் மஹர்ப் பணத்தையும் சொல்லி, "உனக்குப் பொருத்தமா மகள்?" என்று கேட்டார்.

ராத்தா தலையை ஆட்டினாள். இடமும் வலமும், நன்றாக, உம்மா சொன்னபடி. காதில் கிடந்த அலுக்குத்து கிலுங்கியது. இரண்டாம் தரம் கேட்டார். இன்னும் வேகமாக ஆட்டினாள். முக்காடு தோளுக்கு நழுவப் பார்த்தது. மாமி அதைப் பிடித்து இழுத்துவிட்டாள். மாமியும் கண்டாள். அவள் கண்டதை நான் கண்டேன். மூன்றாம் தரம் ஆட்டும்போது ராத்தாவின் கண்ணீர் என் கையில் தெறித்தது.

நான் திரையைப் பார்த்தேன். மஞ்சள் வெளிச்சத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு சும்மா தொங்கியது. அந்த மஞ்சளை என்னைப்போல் அறிந்தவர் யார்? ஒரு நூல் விடாமல் நான் பார்த்த துணி. அங்கால் ஒரு பொட்டும் தெரியாது என்று எனக்குத் தெரியும். என் வாய்க்குள் "வாப்பா" என்ற சொல் வந்து நின்றது. மாமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடிக்கவில்லை, அதட்டவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். நான் விழுங்கிவிட்டேன்.

"கொமருப்புள்ள பேசாம இருந்தா பொருத்தம்தான்" என்று அங்கால் ஒரு சாட்சிக்காரர் சொன்னார். காலடிகள் விலகிப்போயின. கொஞ்ச நேரத்தில் துஆ ஓதும் சத்தம் வந்தது.

மறுநாள் காலையில் ராத்தா எழும்பி வந்தாள். நடுவாசலில் நின்று திரையின் மஞ்சள் பக்கத்தை விரலால் தடவினாள்.

"இத எப்ப போட்ட?"

"மஃரிபுக்கு முந்தி. மாமிதான்."

"நல்லாத்தான் நெய்ஞ்சிரிக்கன்" என்றாள்.

உம்மா அவளைத் திட்டித் தீர்த்தாள். இவ்வளவு சொல்லித் தந்தும் மரம்போல இருந்துவிட்டாயே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். ராத்தா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிக்காஹ் முடிந்துவிட்டது, இனிச் சொல்லி இவர்களை ஏன் எரிக்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. என்னைப் பார்த்தாள். நான் என் பாவாடைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதத்தில் அவளை வாடிக்குக் கூட்டிப் போனான். மூன்று போகம் கழித்துத் திரும்பி வந்தாள். இடக்கையில் மூன்று விரல்கள் முறிந்து, வளைந்தபடியே பொருந்தியிருந்தன. முடிச்சுப் போட வராது. நாடாவைப் பிடிக்க வராது. பிள்ளை ஒன்று வயிற்றிலேயே போயிருந்தது. தலாக் வந்தது. ஊர் கூடிக் "கத்ர்", அல்லாஹ்வின் விதி என்றது. வாப்பாவும் கத்ர் என்றார். நீங்களும் அதைச் சொல்வீர்கள். என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள். திரை கிழிந்து, மெத்தை விரிப்பாகி, கடல் ஊருக்குள் வந்த அன்று தறியோடும் வீட்டோடும் போயிற்று. போனதற்காக நான் அழவில்லை.

இது முழுவதும் ஒன்பது வயதுப் பிள்ளையின் பிழை என்றால் நானே என்னை மன்னித்திருப்பேன். மிச்சத்தைக் கேளுங்கள்.

உம்மா போய்ப் பல வருடம் கழித்து வாப்பா படுக்கையில் விழுந்தார். பார்த்தவள் ராத்தாதான். அந்த மூன்று விரல்களோடு அவரைத் தூக்கி இருத்துவாள், கழுவுவாள், ஊட்டுவாள். நான் பிள்ளை குட்டிகளோடு பக்கத்துத் தெருவில் இருந்தேன், பின்னேரங்களில் போவேன். ஒரு பின்னேரம் வாப்பா என் கையைப் பிடித்தார்.

"மகள், அண்டைக்கு நீ உள்ளுக்கதானே இருந்தா? நான் மூணு தரம் கேட்டன். அவ ஒண்டும் சொல்லல்ல. அவக்கு உண்மையில பொருத்தமா இருந்திச்சா? மௌத்துக்கு முந்தி எனக்கு அது தெரியணும்."

அவர் கண் நிறைந்திருந்தது. நாற்பது வருடமாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். கத்ர் கத்ர் என்று சொன்னதெல்லாம் அதை அமுக்கத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஓம் வாப்பா. பொருத்தம் எண்டு தல ஆட்டினா. நான் கண்டன்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடினார். முகத்தில் அப்படி ஒரு ஆறுதல்.

திரும்பினேன். வாசலில் ராத்தா கஞ்சிக் கோப்பையோடு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று கேட்கத் தேவையில்லை. கோப்பை சரிந்து கஞ்சி அவள் காலில் வடிந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சூடு தெரியவில்லை. பிறகு உள்ளே வந்து, வாப்பாவின் தலையைத் தூக்கி, மிச்சக் கஞ்சியை ஊட்டினாள். நான்கு நாளில் வாப்பா மௌத்தானார்.

அது இரக்கம் என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். இரக்கம் யாருக்கு? உண்மையைச் சொல்லியிருந்தால் வாப்பா அழுதிருப்பார். அழுதுகொண்டு, நாலடி தூரத்தில் நின்ற தன் மகளிடம் மாப்புக் கேட்டிருப்பார். அவளுடைய வாழ்க்கையில் அவளுக்கு வரவேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். அது வாசல் வரை வந்து நின்றது. நான் அதைத் திருப்பி அனுப்பினேன்.

போன வருடம் ராத்தாவுக்கு நோய் கடுமையாகியது. அல்லாஹ் தன் உரிமையை மன்னிப்பான், மனிதருடைய உரிமையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்று நாமெல்லாம் சின்ன வயதிலேயே ஓதியவர்கள். நான் அவள் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன்.

"ராத்தா, எனக்கு மாப்புத் தாங்க."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்தான்."

என் முகத்தையே பார்த்தாள். கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. காத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எதுக்கெண்டு உன்ட வாயால சொல்லிக் கேளு. தாறன்."

எனக்கு வாய் வரவில்லை. என் மருமகள் தண்ணீரோடு வந்தாள், பேரன் வந்தான், யாரோ யாஸீன் ஓத உட்கார்ந்தார்கள். ராத்தா அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தாள், நினைவு தெளிவாகவே இருந்தாள். இரண்டு நாளும் நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். சொல்லவில்லை.